படுக்கையிலிருந்து போனை வெளியேற்றுவது எப்படி?

ராத்திரி தூக்கம் தள்ளிப்போகிறது என்று சொன்னால் முதலில் கிடைக்கும் அறிவுரை, "போன்ல ப்ளூ லைட் ஃபில்டர் போட்டுக்கோங்க" என்பதுதான். ஃபில்டர் திரையை மஞ்சளாக்குமே தவிர, போன நேரத்தைத் திருப்பித் தராது. ஸ்க்ரீன் தூக்கத்தைக் கெடுக்கும் வழிகள் மூன்று. எது பெரியது, எது சிறியது என்று தெரியாமல் சிறியதைச் சரிசெய்வதிலேயே பலரும் ஓய்ந்துபோகிறார்கள். அதனால் முதலில் அந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் செய்முறைக்குப் போவோம்.

முதலாவதும் பெரியதும் நேரம். பத்தரைக்குப் படுத்து, பன்னிரண்டு மணிக்குப் போனைக் கீழே வைத்து, ஆறு மணிக்கு எழுந்தால் கையில் இருப்பது ஆறு மணி நேரம். பெரியவர்களுக்குத் தேவை குறைந்தது 7 மணி நேரம். இதில் வெளிச்சத்துக்கு ஒரு பங்கும் இல்லை. இரண்டாவது, பார்க்கும் விஷயம். ஆபீஸ் குரூப்பில் வந்த கேள்வி, குடும்ப குரூப்பில் நடக்கும் வாக்குவாதம், கடைசி ஓவர் வரை இழுக்கும் மேட்ச், அடுத்தது தானாக ஓடும் வீடியோ எல்லாம் மூளையை விழிக்க வைப்பவை. மூன்றாவதுதான் வெளிச்சம்.

வெளிச்சம் வேலை செய்யும் விதம் இது. விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் பதில் தருகின்றன. "இன்னும் பகல்தான்" என்ற செய்தியை மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்கு அனுப்புபவை அவைதான். செய்தி போனால், ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே மெலட்டோனின் ஏறத் தொடங்கிவிடுவதால், படுக்கும்போது விளக்கை அணைத்தால் போதும் என்ற கணக்கு சரிவராது.

பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் நடந்து, 2014 டிசம்பரில் வெளியான ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 12 பேர் தொடர்ந்து 5 இரவுகள், படுக்கும் முன் 4 மணி நேரம், மங்கலான அறையில் முழு வெளிச்சத்தில் ஐபேடில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மெலட்டோனின் பாதிக்கும் மேல் அடங்கியது, உடல் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப்போனது. ஆனால் தூக்கம் வர ஆன கூடுதல் நேரம் சுமார் 10 நிமிடம்தான். நான்கு மணி நேர முழு வெளிச்சத்துக்கே அவ்வளவுதான் என்றால், ஒன்றரை மணி நேரம் தள்ளிப் படுப்பவர் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெளிவு. 2021இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 18 முதல் 24 வயது வரையுள்ள 167 பேரில், திரையை மஞ்சளாக்கும் ஐபோனின் நைட் ஷிஃப்ட் வசதியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கும் போடாமல் பார்த்தவர்களுக்கும் தூக்கத்தில் பொதுவாக வித்தியாசம் தெரியவில்லை.

முதல் வேலை: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எதையும் மாற்றாமல் 7 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம். காலையில் எழுந்ததும் நான்கு நேரங்கள் போதும்: விளக்கை அணைத்தது, போனைக் கீழே வைத்தது, ஏறக்குறையத் தூங்கியது, எழுந்தது. தூங்கிய நேரத்தை உத்தேசமாகப் போட்டால் போதும். அதற்காக ராத்திரியில் மணி பார்க்கக் கூடாது, பார்த்தால் அதுவே விழிப்பாகிவிடும்.

வாரக் கடைசியில் நோட்டைப் பாருங்கள். விளக்கணைத்ததற்கும் போனை வைத்ததற்கும் நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால், உங்கள் பிரச்சினை நேரம். போனை வைத்தபிறகும் தூக்கம் வர அரை மணிக்கு மேல் ஆகிறது என்றால், பார்த்த விஷயம், வெளிச்சம், சாயங்காலக் காபி ஆகிய மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியின் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். போனை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

போன் ராத்திரியில் பார்க்கும் வேலைகளை வேறு ஆளிடம் கொடுங்கள்

"இன்றிலிருந்து போனைப் படுக்கையறைக்குக் கொண்டுவர மாட்டேன்" என்று முடிவெடுப்பவர்கள் மூன்றாம் நாளே தோற்பதற்கு மனஉறுதிக் குறைவு காரணமில்லை. ராத்திரியில் போன்தான் அலாரம், கடிகாரம், டார்ச், பாட்டுப் பெட்டி, ஊரிலிருக்கும் அம்மா அப்பாவின் அவசர அழைப்பு மணி. இத்தனை வேலையையும் அப்படியே விட்டுவிட்டு அதை வெளியே வைக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்தபிறகே போனை நகர்த்துங்கள்.

அலாரத்துக்குப் பேட்டரியில் ஓடும் சின்ன டேபிள் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். எண்கள் ராத்திரி முழுக்க ஒளிரும் டிஜிட்டல் வகை வேண்டாம், பழைய முள் கடிகாரமே நல்லது. டிக் டிக் சத்தம் சிலருக்குத் தொந்தரவாக இருக்கும். கடையிலேயே காதருகே வைத்துப் பார்த்து வாங்கலாம். முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். இது அற்பமாகத் தெரியும். ஆனால் டார்ச்சுக்காக எடுத்த போனில் நோட்டிபிகேஷன் கண்ணில் பட்டு, அங்கேயே அரை மணி நேரம் போய்விடும்.

பாட்டோ பேச்சோ கேட்டுக்கொண்டே தூங்குவது வழக்கமென்றால் அதை நிறுத்த வேண்டியதில்லை. காதுக்கு மட்டும் வேலை கொடுப்பது கண்ணுக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். ரேடியோவோ ப்ளூடூத் ஸ்பீக்கரோ போதும். ஐபோனில் கடிகார ஆப்பின் டைமரில், நேரம் முடிந்ததும் மணி அடிப்பதற்குப் பதில் "ஸ்டாப் ப்ளேயிங்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு தானாக நின்றுவிடும். பல மியூசிக் ஆப்களில் ஸ்லீப் டைமர் உண்டு. 30 நிமிடம் வையுங்கள். விடிய விடிய ஓடினால் நடுவில் எழுப்பிவிடும்.

அவசர அழைப்பு பற்றிய பயம் நியாயமானது. அழைப்புச் சத்தத்தை அடக்கும் டூ நாட் டிஸ்டர்ப் வசதியைப் போட்டாலும் குறிப்பிட்டவர்களின் அழைப்பு வரும்படி செய்யலாம். வீட்டுப் பெரியவர்களின் எண்களை ஃபேவரிட்ஸில் சேர்த்து, அந்தப் பட்டியலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரே எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் மணி அடிக்கும் வசதியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும். "அவசரம்னா உடனே இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ரிங்கர் சத்தத்தை முழுசாக ஏற்றி ஹாலில் வைத்தால் படுக்கையறையில் கேட்கிறதா என்று முதல் நாளே அழைத்துப் பார்த்துவிடுங்கள். கேட்கும் என்று நிச்சயமானால்தான் மனசு அடங்கும்.

சார்ஜரை நகர்த்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். கட்டில் பக்கத்து ப்ளக்கிலிருந்து சார்ஜரைக் கழற்றி, ஹாலிலோ சமையலறை மேடைக்கு மேலே உள்ள ப்ளக்கிலோ மாட்டுங்கள். சார்ஜர் எங்கேயோ, போனும் அங்கேதான் தூங்கும். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீடாக இருந்தால், எழுந்து நாலு எட்டு நடந்தால்தான் எட்டும் இடம் எதுவோ அது. பீரோ மேலே, ஷெல்ஃபின் மேல்தட்டில் வைக்கலாம். படுத்தபடி கை நீட்டினால் எட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே பிசகும் இடங்கள் தெரிந்தவைதான். படுக்கையறையில் ஸ்பேர் சார்ஜர் ஒன்று மிச்சமிருக்கும், பவர் பேங்க் இருக்கும், பழைய போன் ஒன்று டிராயரில் கிடக்கும், டேப்லெட் தலையணைக்கு அடியில் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு தூங்குபவர்கள், கையைத் தூக்கினால் திரை எரியும் வசதியை ராத்திரிக்கு அணைத்து, நோட்டிபிகேஷனையும் நிறுத்திவிடுங்கள்.

போனுக்குள் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் பெட்டைம் மோட் இருக்கும். நேரம் குறித்துவிட்டால் தினமும் அந்நேரத்துக்கு டூ நாட் டிஸ்டர்ப் தானாக விழும், திரை கருப்பு வெள்ளையாகும். நிறம் போனால் ரீல்ஸின் இழுப்பு கணிசமாகக் குறையும். சாம்சங் போன்களில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் என்பதில் ஸ்லீப் என்று தேடுங்கள். ஐபோனில் ஃபோகஸுக்குள் ஸ்லீப். தொடங்கும் நேரமாக, படுக்கும் நேரத்தைப் போடாமல் அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போடுங்கள். அலாரத்துக்கு இன்னும் போனையே நம்பியிருக்கிறவர்கள், டூ நாட் டிஸ்டர்ப் விதிவிலக்குகளில் அலாரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப் டைமரை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 45 நிமிடம் என்று இன்ஸ்டாகிராமுக்கு வரம்பு வைத்தால், ஆண்ட்ராய்டில் அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கிவிடும். பதினொன்றரைக்கு மூடிய ஆப் பன்னிரண்டு மணிக்குத் தானாகத் திறந்துகொள்ளும், கேடு விளைக்கும் நேரமே அதுதான். இதற்கு ஃபோகஸ் மோடில் கால அட்டவணை போடுவது மேல், தேர்ந்தெடுத்த ஆப்கள் அந்த நேரம் முழுக்க முடங்கியிருக்கும். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குள் டௌன்டைம் போடலாம். ஆனால் "இக்னோர் லிமிட்" என்ற பொத்தானை ஒரு தட்டு தட்டினால் கதவு திறந்துவிடும். பாஸ்கோடு வைத்து, அதை வீட்டில் இன்னொருவரைப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் பலம்.

யூடியூபில் ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ராத்திரியில் கலகலக்கும் குரூப்களை "ஆல்வேஸ்" என்று ம்யூட் செய்து ஆர்க்கைவுக்குள் போடுங்கள். புதுச் செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வராது. குரூப்பை விட்டு விலக வேண்டியதில்லை, உறவும் கெடாது.

அறை வெளிச்சம்

போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் தலைக்கு மேலே எரியும் ட்யூப்லைட்டை மறந்துவிடுகிறார்கள். முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கம் திறந்த போன், ஓரடி தூரத்தில் கண்ணுக்குத் தருவது சுமார் 50 லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அது 5 லக்ஸ். சின்ன அறையில் 20 வாட் எல்இடி ட்யூப் தருவதோ 100 லக்ஸ் அளவுக்கு இருக்கும். பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம் கூடும்) என்று அட்டையில் போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை அது. படுக்கும் முன் 3 மணி நேரமும் கண்ணில் படும் ஒளி, உடல் கடிகாரத்தைத் தூண்டும் கணக்கில் 10 லக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று 2022இல் தூக்க ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். தூங்கும் அறைக்கு 1 லக்ஸ். பொதுவான சாயங்கால விளக்குகளில் இதை எட்டுவது சிரமம், நெருங்கினாலே நல்லது.

ஒன்பது மணிக்கு மேல் ட்யூபை அணைத்துவிட்டு, 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட 5 அல்லது 7 வாட் மஞ்சள் பல்பை மேஜை விளக்கில் போடுங்கள், கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி. அதே பிரகாசத்தில் மஞ்சள் விளக்கு உடல் கடிகாரத்தைத் தூண்டுவது 6500 கெல்வினில் ஏறக்குறையப் பாதி. நைட் லேம்ப் விஷயத்தில் பல வீடுகளில் நேர்மாறாகவே நடக்கிறது. ஜீரோ வாட் பல்ப் வாங்கும்போது அழகுக்காக நீலம் எடுக்கிறார்கள். சிவப்போ ஆரஞ்சோ எடுங்கள், முடிந்தால் அதையும் பாத்ரூம் போகும் வழியில் தரையோரமாக வையுங்கள். ரௌட்டர், செட்டாப் பாக்ஸ், ஏசி ஆகியவற்றின் நீல எல்இடி மேல் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் வேலை முடிந்தது.

தவிர்க்க முடியாமல் போன் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறைத்து, டார்க் மோட் போட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். 15 செ.மீ.யில் பிடித்ததை 30 செ.மீ.க்குத் தள்ளினால் கண்ணில் விழும் வெளிச்சம் கிட்டத்தட்டக் கால் பங்காகிவிடும். ஆண்ட்ராய்டில் எக்ஸ்ட்ரா டிம், ஐபோனில் ரெட்யூஸ் வைட் பாயின்ட் என்ற வசதிகள் வழக்கமான குறைந்த அளவுக்கும் கீழே கொண்டுபோகும். கண்ணாடிக் கடையில் கூடுதல் காசு வாங்கிப் போட்டுத் தரும் ப்ளூ கட் லென்ஸைத் தூக்கத்துக்காக வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 மறுஆய்வு 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. தூக்கத்துக்கு உதவும் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்த 14 பேர் ராத்திரி 2 மணி நேரம் டேப்லெட்டில் படித்தபோது, புத்தகம் படித்த இரவுக்கும் அதற்கும் மெலட்டோனினில் வித்தியாசம் வரவில்லை. நாள் முழுக்க ஜன்னல் மூடிய அறையில் இருப்பவருக்கு ராத்திரித் திரை அதிகம் உறைக்கும். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ தெருவிலோ 20 முதல் 30 நிமிடம் நடங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளி வெளிச்சம் ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

காலியாகும் ஒரு மணி நேரம்

போனை வைத்தபிறகு கை சும்மா இருக்காது. அந்த நேரத்துக்கு வேலை வைக்காமல் போனை மட்டும் எடுத்தால் திரும்பப் போய்விடும். நாளைக்கான துணியை எடுத்து வைப்பது, பால் உறை ஊற்றுவது, அச்சுப் புத்தகம் என்று எளிய வேலைகள் போதும். படுக்க ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிட வெந்நீர்க் குளியல் நல்ல பலன் தரும். குளித்தபின் உடம்பின் உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் கூடும்.

நாளைய கவலைதான் போனை எடுக்க வைக்கிறது என்றால், 5 நிமிடம் உட்கார்ந்து நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "பேங்க் வேலை" என்று எழுதாமல் "11 மணிக்குள் பேங்க், பாஸ்புக் எடுத்துப் போகணும்" என்று எழுதுங்கள்.

முதல் மூன்று நான்கு இரவுகள் பரபரப்பாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் சீக்கிரம் படுக்கப் போகாதீர்கள். பன்னிரண்டுக்குத் தூங்கிப் பழகிய உடம்பைப் பத்து மணிக்குக் கிடத்தினால் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். எழும் நேரத்தை ஒரே நேரமாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் மாறக் கூடாது.

படுத்து 20 நிமிடம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருங்கள். மஞ்சள் விளக்கில் சலிப்பான எதையாவது படித்து, கண் சொக்கியதும் திரும்பி வந்து படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும்.

பிள்ளைகள், ஷிப்ட் வேலை

பிள்ளைகளுக்கு வெளிச்சம் பெரியவர்களைவிட அதிகம் பாதிக்கும். அவர்கள் கண்மணி பெரிது, லென்ஸ் தெளிவு. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. படுக்க ஒரு மணி நேரம் முன்பே ஸ்க்ரீன் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. வீட்டில் எல்லார் போனும் ஒரே ப்ளக் பலகையில், ஒரே நேரத்தில் சார்ஜுக்குப் போகட்டும். அப்பா மட்டும் கட்டிலில் போன் வைத்திருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எந்தச் சட்டமும் செல்லாது. பாடக் குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்றால் சாயங்காலமே பிரின்ட் எடுத்துவிடுங்கள். ராத்திரிக்குக் கணக்குப் போடுவது, எழுதிப் பார்ப்பது போன்ற நோட்டு வேலைகளை ஒதுக்குங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் படுப்பவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கு பொருந்தாது, வரிசை பொருந்தும். படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரமே அவர்களுக்கு ராத்திரி. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, கண்ணில் பட்டி கட்டி, போனை அதேபோல் வெளியே வைக்க வேண்டும். வீடு திரும்பும் வழியில் கருப்புக் கண்ணாடி உதவும். ஆனால் வண்டி ஓட்டும்போது தூக்கக் கலக்கம் இருந்தால் அதைப் போடாதீர்கள்.

இவ்வளவும் மூன்று நான்கு வாரம் செய்தும் மாறவில்லை, வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதமாகத் தூக்கம் கெடுகிறது, அல்லது குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால் காரணம் வேறு. டாக்டரைப் பாருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்து மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சிதான் அது. பொதுவாக நாலிலிருந்து எட்டு அமர்வுகள் ஆகும். மனநல மருத்துவர்களிடமோ உளவியல் நிபுணர்களிடமோ அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.